கடலூர் – புதுச்சேரி, காற்று இருந்தால்

பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.
நம் ரொசாலியில்
ஒரு பகல், ஒரு ராத்திரி, மேலே கொஞ்சம் கொசுறு.
கொசுறு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்,
நான் அடுப்படி.
சுக்கானில் நிற்கும் அஞ்சாப்புலியைக் கேளுங்கள்,
அவர் காதைத் திருப்பிக் காற்றைக் கேட்பார்.

செருப்பை இந்த மீன்கூடையில் போடுங்கள்.
கட்டில் உங்கள் உயரத்துக்கு நாலு விரல் குட்டை.
கதவு அதைவிடக் குட்டை;
முதல் நாள் எல்லாரும் இடித்துக்கொள்வார்கள்,
மறுநாள் நெற்றி தானாகக் குனியும்.
குளிக்க அரை வாளி.
சோப்பு நுரைக்கவில்லை என்று புகார் சொன்னால்
கடல் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

முகத்துவாரம் தாண்டும்வரை எஞ்சின்.
மணல்திட்டில் அலை உடைகிற இடத்தில்
அணியம் ஒரு தரம் தூக்கிப் போடும்.
அங்கே கைதட்டிச் சிரிப்பவர்கள்தான்
அரைமணியில் எலுமிச்சம்பழம் கேட்டு வருவார்கள்.
போன நடையில் பல் டாக்டர் சுபத்திரை,
ஆயிரம் வாய் பார்த்தவர்,
தன் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினார்.
காற்றுக்கு முதுகு கொடுத்து நில்லுங்கள், அம்மா.
எதிர்த்து நின்றால்
போனது முகவரி விசாரித்துத் திரும்பி வரும்.

பிறகு எஞ்சினை நிறுத்துவார்கள்.
இந்த ஓர் இடத்தை மட்டும்
முன்கூட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை.
எட்டு வருஷமாய் முயற்சி செய்கிறேன்,
கையில் கரண்டி நின்றுவிடுகிறது.

அப்புறம் மரம் நெட்டி முறிக்கும்.
வங்கில் ஏதோ ஒரு டப்பா உருளும்,
எது என்று கடைசிவரை தெரியாது.
ஆஞ்சானை இழுக்க ஆறு பேர் வேண்டும்,
பணம் கட்டி வந்தவர்களும் அதில் சேர்த்தி.
பருமல் ஏறும்.
பாய் முதலில் ஈர வேட்டியாய்ப் படபடக்கும்,
திடீரென்று வயிறு வைக்கும்.

சாயங்காலம் கச்சான் ஓய்ந்துவிட்டால்
சிப்காட் புகைக்கூண்டு
மத்தியானம் நின்ற இடத்திலேயே நிற்கும்.
தெற்கே கடலூர் விளக்கு, வடக்கே புதுச்சேரி விளக்கு,
முறை வைத்துக் கண்ணடிக்கும்.
தண்ணீர் தெற்கே ஓடுகிற நாளென்றால்
சும்மா நிற்பதற்குக்கூட நமக்கு அனுமதி இல்லை.

முந்திரி வியாபாரி வேணுகோபால்
பண்ருட்டிக்குப் போன் போட்டார்.
‘எங்க இருக்கீங்க?’
‘கெளம்பின எடத்துக்குக் கொஞ்சம் பின்னால.’
கப்பலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு வந்து
உரிக்க வெங்காயம் இருக்கா, என்றார்.
நாலு கிலோ.
ஒரு வார்த்தை பேசவில்லை.
காலையில் உப்புமாவில் வெங்காயம், ஆம்லெட்டில் வெங்காயம்,
டீயில்தான் இல்லை.

விடியும்போது ஒரு பக்கக் கன்னம் குளிரும்.
அவ்வளவுதான் அறிவிப்பு.
அஞ்சாப்புலி யாரையும் கூப்பிடமாட்டார்.
நேற்று ஆஞ்சான் என்றால் என்னவென்று கேட்ட ஆறு பேரும்
கயிற்றடியில் நின்றுகொண்டிருப்பார்கள்,
வேணுகோபால் வெங்காயக் கையோடு.

புதுச்சேரியில் இறங்கியதும்
தெரு கொஞ்சம் ஆடும். அது தெருவின் குற்றமில்லை.
திரும்ப பஸ்ஸில்தான் போவீர்கள்,
இடப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள்.
தவளக்குப்பம், கன்னிக்கோயில்,
கடல் எங்கும் தெரியாது.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
எதிர்ச்சாரிக் காற்று உள்ளே வந்து சட்டையை ஊதும்.
கண்டக்டர் இரண்டாம் தரம் கேட்பார், எங்க எறங்கணும்?

நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.
செருப்பைப் பாருங்கள்,
ஒன்று உங்களுடையதில்லை.